இரண்டு முறை கூட்டிய ஐந்தரை மணி

ராஜகீழ்ப்பாக்கம்,
21 செப்டம்பர் 2025, ஞாயிறு.

அன்புள்ள ஜெபின் அண்ணனுக்கு,

ஜெனி எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொன்னார்கள். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உன் தோள்பட்டை எலும்பு கூடி வருகிறது என்று உன் அறை நண்பர் ஸ்ரீவத்சன் அண்ணா சொன்னார். சாப்பிடுகிறாய் என்றும் சொன்னார். மற்றபடி நீ யாரிடமும் பேசுவதில்லை என்றார்.

அம்மா தினமும் மாலை ஏழு மணிக்கு உனக்கு போன் செய்கிறார்கள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் ஹிந்தியில் சொல்கிறது. அம்மா அதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார்கள். நேற்று "இன்னிக்கும் அந்தப் பொண்ணுதான் எடுத்தா" என்றார்கள். சிரிப்பதற்காகச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் சிரிக்கவில்லை.

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. இயற்பியல் முடிந்துவிட்டது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று ஞாபகம் இல்லை. சின்மயி வழக்கம்போல வானத்தைக் காட்டி, "நாளைக்கு மழை லீவு உண்டா, சொல்லுடி ஜோசியக்காரி" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான் இதுவரை அவளிடம் தெரியாது என்று சொன்னதில்லை.

விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் காலையில் நம் மாடிக்கு மேலே சுற்றுகின்றன. முன்பெல்லாம் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். இப்போது சத்தம் கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ விமான விபத்து விசாரணைக்கு எழுதிக் கொடுத்ததை ஸ்ரீவத்சன் அண்ணா சொன்னார். அன்று வானிலை அறிக்கையைப் பார்க்கவே இல்லை, பார்க்காமலே கிளம்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயாம். உங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர், "தப்பா படிச்சவனுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம். பார்க்காமலே போனவனை வச்சுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாராம். இருபத்தொன்பதாம் தேதிக்குள் உன் வாக்குமூலத்தில் மாற்றம் இல்லையென்றால் உன்னை அனுப்பிவிடுவார்களாம்.

நீ பார்த்தாய். நான் எழுதி அனுப்பியதைப் பார்த்தாய்.

இது அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் நீ விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தாய். TS என்றால் இடி, RA என்றால் மழை, TEMPO என்றால் அந்த நேரத்துக்குள் விட்டுவிட்டு வரும். உனக்கு அந்தக் குறிகளைக் கண்டாலே எரிச்சல், எனக்குப் பாடப் புத்தகத்தைவிடப் பிடித்திருந்தது. அதனால் நீ தனியாகப் பறக்கும் நாளில் எல்லாம் நான் காலையில் அறிக்கையை இறக்கி, பிரித்து, நோட்டில் அழகாக எழுதி, அம்மாவின் போனில் படமெடுத்து அனுப்புவது வழக்கமானது. ஒரே ஒரு விதி வைத்திருந்தாய். அறிக்கையில் இருப்பது லண்டன் பக்கத்து நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால், அதை அப்படியே எழுதி பக்கத்தில் Z போடு, ஐந்தரை மணியை நான் கூட்டிக்கொள்கிறேன் என்றாய். "நீ கூட்டாதே, குட்டி. கூட்டுறது பைலட் வேலை" என்றாய்.

பத்தாம் தேதி போனில், மூன்று நாளாகத் தூக்கமில்லை, தலை சுற்றுகிறது என்று சொன்னாய். அதனால் மறுநாள் காலை ஒரு கணக்காவது உனக்கு மிச்சமாகட்டும் என்று நானே கூட்டினேன். அறிக்கையில் இருந்தது TEMPO 1107/1110 TSRA. பதினொன்றாம் தேதி ஏழு மணி முதல் பத்து மணி வரை இடியுடன் மழை. ஐந்தரையைக் கூட்டி 12.30 முதல் 15.30 வரை என்று எழுதினேன். Z போடவில்லை. Z இல்லாவிட்டால் நம் நேரம் என்று உனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இந்திய நேரம் என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். பள்ளி வேன் வாசலில் ஹார்ன் அடித்தது. அனுப்பிவிட்டு ஓடினேன்.

நீ வழக்கம்போல அதன்மேல் ஐந்தரையைக் கூட்டினாய். மாலை ஆறு மணிக்குத்தான் இடி என்று வந்திருக்கும். ஒரு மணிக்குக் கிளம்பி நேராக இடிமழைக்குள் போனாய்.

அந்த நேரம் எனக்குக் கணக்கு வகுப்பு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே நல்ல வெயில்.

நீ உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லாரும் சொல்கிறார்கள். விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, சக்கரம் முறிந்து நின்ற படத்தை ஸ்ரீவத்சன் அண்ணா அனுப்பினார். நிறைய முறை பார்த்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கோயிலில் போதகர் உனக்காக ஜெபித்தபோது அம்மா அழுதார்கள். நான் பாட்டுப் புத்தகத்தின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதல் ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மறைமலை நகர் பஸ்ஸை அப்பா விட்டு நான் பார்த்ததே இல்லை. ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து, "அந்த நோட்டை எடு" என்றார். ஒவ்வொரு வரியாகக் கேட்டார். பேனாவை வாங்கித் தானே ஏழோடு ஐந்தரையைக் கூட்டினார். பிறகு பன்னிரண்டரையோடு ஐந்தரையைக் கூட்டினார். "அஞ்சரைதானே? இதைப் போய் ரெண்டு பேரும் கூட்டுனீங்களா?" என்றார். திட்டுவது போல இல்லை. நிஜமாகவே கேட்பது போல இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றார்கள். அப்பா அவர்களிடம், "புஷ்பம், அவன் இவளைக் காப்பாத்துறதா நினைச்சு பொய் எழுதியிருக்கான்" என்றார். எனக்குத் தோசை ஊற்றச் சொன்னார். சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இது நகல் இல்லை, என் நோட்டிலிருந்தே கிழித்தது. அதை அவர்களிடம் கொடு. நீ பார்த்தாய் என்பதற்கு அதுதான் சாட்சி. இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. TEMPO நேரம் எப்போதும் முழு மணியில்தான் வரும், அரை மணியில் வராது. 12.30 என்று இருந்தாலே யாரோ கூட்டிவிட்டார்கள் என்று தெரிய வேண்டும். நீதான் அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். தூக்கமில்லாத கண்ணுக்குத் தெரியவில்லை. தங்கை எழுதிய தாளை நம்பியதற்கு உனக்குத் தண்டனை இருக்கும். அதை வாங்கிக்கொள். நீ செய்யாததற்கு வாங்காதே. எனக்காக என்றால் நிச்சயமாக வேண்டாம். எனக்கு இப்போது எதுவும் பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் நீ வீட்டுக்குப் பெட்டியோடு வந்து நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அம்மா முறுக்கு சுற்றி வைத்திருக்கிறார்கள், தனிப் பார்சலில் வரும். கைக்கட்டை நீயாக அவிழ்க்காதே என்று மூன்று முறை எழுதச் சொன்னார்கள். ஒரு முறை எழுதிவிட்டேன், மீதி இரண்டை நீ நினைத்துக்கொள். அப்பா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. உறையின் மேல் உன் பெயரை அவர்தான் எழுதினார்.

இன்று காலை உன் ஊருக்குப் பக்கத்துப் பெரிய விமான நிலையத்தின் அறிக்கையை இறக்கினேன். பதினொன்றாம் தேதிக்குப் பிறகு இன்றுதான். நாளை ஸ்பீடு போஸ்டில் போட்டால் வியாழன் அல்லது வெள்ளி உனக்குக் கிடைக்கும். அதற்குள் இந்த மழை பெய்து முடிந்திருக்கும், அல்லது பெய்யாமலே போயிருக்கும். பரவாயில்லை.

TEMPO 2109Z/2112Z TSRA

அறிக்கையில் Z இப்படி வராது. நான்தான் இரண்டு இடத்திலும் போட்டிருக்கிறேன். நான் கூட்டவில்லை. தபால்தலை ஒட்டி, நம் முகவரி எழுதிய உறை உள்ளே இருக்கிறது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று நீ கூட்டி எழுது, அண்ணா. அது போதும்.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காக்க வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை
ஜெனி