ஏழாவது சில்லு

மார்ச் 3
மகளின் மாமியார் வந்து இறங்கியிருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்குள் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கல்குவாரியை அலசியாக வேண்டுமாம். பதினெட்டு வருஷமாக ஒரே ஒரு நீலக் கல்லைத் தேடுகிறாள். பென்டகோனைட். மூன்று தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று நாற்பது பேர் நடுவில், "சம்பந்தியம்மா மூணாங்கிளாஸ்தானே, கையெழுத்தாவது வருமா?" என்று கேட்டவள் இவள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 4
"தூக்கம் வந்துச்சா சம்பந்தி?" என்றாள். "ம்." அவ்வளவுதான்.

மார்ச் 5
குவாரிக்குக் கூட்டிப்போனேன். மேற்குப் பாறைச் சுவரில் ஒரு பொந்து. உள்ளே வெள்ளைக் கல் மேல் நீலம் — மயில் கழுத்து தோற்றுப்போகும். குவாரி மேஸ்திரி கையை விரித்தார்: "நாளைக்குப் பத்து மணிக்கு அங்க வெடி. அந்த அபூர்வக் கல்லுதான்னு அடிச்சுச் சொன்னா ஒரு நாள் தள்ளி வைக்கறேன். சும்மா நீலமா இருக்குன்னா முடியாதும்மா."

அங்கேதான் சிக்கல். நீலக் கல்லில் இரண்டு ஜாதியாம்; ஒன்று சாதாரணம், மற்றது இவள் தேடுவது. நிறமும் ஒன்றே, எடையும் ஒன்றே. லென்ஸில் வடிவம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பொந்தின் அடியில் உதிர்ந்து கிடந்த சில்லுகளைப் பொறுக்கிப் பார்த்தாள், துடைத்தாள், மறுபடி பார்த்தாள். "ஒரே புகையா இருக்கு" என்றாள். லென்ஸை என்னிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கணும்னு சொல்லுங்க, பாக்கறேன்."

"சொல்ல மாட்டேன். சொன்னா உங்க கண்ணு அதையேதான் பாக்கும். இருக்கறதைச் சொல்லுங்க."

பதினெட்டு வருஷ ஆசை, விடிந்தால் வெடி. அப்போதும் ஒரு ஜாடை காட்டவில்லை! என்ன நெஞ்சு அவளுக்கு! தப்பாகச் சொல்லிப் பழி தீர்த்துக்கொள்ளலாமா — பொய் சொல்வானேன், தோன்றத்தான் செய்தது.

"ஊசி ஊசியா, பந்து மாதிரி." அடுத்ததை நீட்டினாள். பந்து. பந்து. ஏழாவது சில்லு.

"இது பந்து இல்ல. தனித்தனியா, பட்டையா, ஈட்டி மாதிரி. ஒண்ணு நம்ம பக்கமா தலையை நீட்டிட்டு நிக்குது. அந்தத் தலை நட்சத்திரம் மாதிரி."

"எத்தனை முனை?"

"அஞ்சு."

"ஆறு இல்லையே?"

"எனக்கு எண்ணத் தெரியும்!"

"இன்னொரு தரம் எண்ணுங்க."

அஞ்சுதான். சில்லை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நேரே மேஸ்திரியிடம் போய், "அஞ்சு முனை. அதேதான்" என்றாள்.

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியலையேம்மா?"

"சம்பந்தி பாத்தாங்க."

மார்ச் 6
வெடி வைக்கவில்லை. மேஸ்திரியே உளி பிடித்தார். நீலத்தை மட்டும் பெயர்க்கக் கூடாது, அது உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கல்லோடு வர வேண்டும் என்று சுவரைத் தடவித் தடவியே இடம் காட்டினாள். ஒரு முனைகூட ஒடியவில்லை. விரலா அது!

மார்ச் 11
மகள் போனில் கேட்டாள்: "கோபம் போச்சாம்மா?" போகவில்லை. அது வேறு, இது வேறு.

மார்ச் 19
இன்று வேறு குவாரி, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பதினான்கு சில்லு பார்த்தோம். கடைசிச் சில்லு பட்டையாக இருப்பது போலவே தெரிந்தது. எனக்கே ஆசை வந்துவிட்டது. நான்கு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "பந்து" என்றேன். மறுபடி பாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.