இழைப்புளியும் குளியலறைக் கதவும்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மழையில் உப்பிய குளியலறைக் கதவைச் சாத்த முடிகிறவரை மகள் வீட்டிலிருந்து வரமாட்டேன் என்றாய். மூன்று முறை அளந்து, கோடு கிழித்துத்தான் மாப்பிள்ளையின் இழைப்பு மெஷினை வைத்தேன். "அஞ்சு நிமிஷ வேலை மாமா" என்றார். அஞ்சு நொடியில் விரலளவு மரம் போய்விட்டது. சாத்தினாலும் இடுக்கில் கூடமே தெரிந்தது. என் மேலேயே எரிச்சல்.

"எங்கப்பாவோட இழைப்புளியை எடுங்க, ஒரு சீவல் எடுத்துட்டுச் சாத்திப் பாருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாய். கேட்டேனா?

விளிம்பில் புதுப் பட்டை ஒட்டி, இரண்டு நாளாக அந்த இழைப்புளியால்தான் இழைத்தேன். இன்று இடுக்கில்லாமல் சாத்த முடிகிறது. ஆனாலும் நீ வந்து சாத்திப் பார்க்கிறவரை எனக்கென்னவோ சந்தேகம்தான். கூடமெங்கும் சீவல். வேண்டுமென்றே கூட்டவில்லை, நீ வந்து திட்ட ஏதாவது இருக்க வேண்டுமே.

கதவருகிலிருந்து,
உன் வீட்டுக்காரன்