அம்மா அன்று அழவில்லை

கடலூர் முதுநகர்,
செவ்வாய்க்கிழமை.

பிரியமுள்ள அருள்மொழிக்கு அமிர்தம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். அந்தக் குளிரில் நீ தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். வாரம் மூன்று தரம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்தில் விழா பேனர் கட்டிவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் உன் முகம் தெரிகிறது. 'ஐரோப்பா புகழ் ஜாஸ் பாடகி, கடலூரின் மகள்' என்று போட்டிருக்கிறார்கள். ரோட்டர்டாமில் பதினொரு வருஷம் இருந்தும் உனக்கு வராத நிறத்தை நம் ஊர் பேனர் கடைக்காரர் ஒரே நாளில் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நீ. உனக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சிலம்பம், பின்னால் பட்டிமன்றம்.

விழாக் குழு செந்தமிழ்செல்வன் சார் என்னைக் கூப்பிட்டு, ஜாஸ் என்றால் ஜனம் எழுந்து போய்விடாதா, கடைசியில் இரண்டு சினிமாப் பாட்டு பாடுவார்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடியவள் சார், சென்னை ஹோட்டலில் பாடி, கப்பலில் பாடி, இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்கிறார்கள் என்று ஒரு மூச்சு பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் சினிமாப் பாட்டுக்கே வந்தார்.

இனி நீ சொன்ன காரியம். உன் அம்மாவை முன் வரிசையில் உட்காரவைக்கச் சொன்னாய். அப்பாவின் அந்தச் சாயங்கால ஜெபப் பாட்டைத்தான் முதலில் பாடப்போகிறேன், அப்பா அடக்கத்தில் என் பாட்டைக் கேட்டு அம்மா அழுத கதையை அம்மாவைப் பார்த்தே சொல்லப்போகிறேன் என்றாய். அம்மாவை அழைத்துவரத்தான் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அம்மா கீரப்பாளையம் போகிற ரோட்டில் உன் அண்ணன் இளவரசு வீட்டில்தான் இருக்கிறார். மெலிந்துவிட்டார். எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டார். நான் உன் பேரை எடுத்ததும், தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நீ மேடையில் அந்தக் கதையைச் சொல்கிற வீடியோவை அண்ணன் மகள் போட்டுக் காட்டி, தமிழிலும் சொல்லியிருக்கிறாள். அம்மா திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து ஒன்றுதான் கேட்டார்.

"நான் எப்ப அழுதேன் அமிர்தம்? அன்னிக்கி எம்பக்கத்துல நீதான நின்ன?"

அருள், அம்மா அன்று அழவில்லை.

கொரோனாவில் விமானம் ஓடாத மாதம் அது. கல்லறைத் தோட்டத்தில் இருபது பேருக்கு மேல் கூடாது என்று போலீஸ் நின்றது. பாடகர் குழுவை உள்ளே விடவில்லை. மண் போடுகிற நேரம் நாம் எல்லாரும் சேர்ந்து பாடுவோமே, நாற்பது வருஷம் ஊரில் எல்லார் அடக்கத்துக்கும் போய்ப் பாடின அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. நீ பாடி அனுப்பியதை நான்தான் போனில் வைத்துக் குழிக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்குப் பின்னால் தங்கவிட்டு, இழுத்து, வளைத்துப் பாடியிருந்தாய். அம்மா பாதியிலேயே முக்காட்டை இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்கு நீ போனில், அம்மா கேட்டாங்களா, அழுதாங்களா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். உன் பேரைச் சொல்லித் தேம்பினார் என்றும் சேர்த்துக்கொண்டேன். நீ தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருந்தாய், அந்த ஒரு நாளை நீ தாண்டினால் போதும் என்று சொன்ன பொய். நீ அதை வைத்து ஒரு ஆல்பமே போட்டுவிட்டாய்.

அம்மாவைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். அப்பாவும் எப்போதும் அரைத் தாளம் பின்னால்தான் பாடுவார், பாடகர் குழு மாஸ்டரிடம் திட்டு வாங்குவார், உனக்கு அது அவரிடமிருந்து வந்தது, அந்த ஊர்ப் பேப்பரில் அதைத்தான் புகழ்கிறார்கள் என்றேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு அரிசி மில்லுல தவுட்டுத் தூசத் தின்னு மூச்சு எளச்சி பின்னால வருவாரு. இவளுக்கு என்னா கேடு? இப்பல்லாம் அந்தப் பாட்ட யாரு பாடுனாலும் இவ கொரலுதான் கேக்குது. அவரு கொரலு போயிடுச்சி. எத்தினியோ தரம் கண்ண மூடிப் பாத்துட்டேன், வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அழைத்து வந்திருப்பேன். சாவியைத் தொலைத்தவர் சொல்வது போலச் சொன்னார். அப்பா பாடியதை யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். பாஸ்டரிடமும் பழைய கல்யாண வீடியோக்காரர்களிடமும் நேற்று முழுக்க விசாரித்தேன். ஒன்று கிடைத்தது. பத்துப் பேரோடு நிற்கிறார், வாய் அசைகிறது, குரல் தனியாகப் பிரியவில்லை. வரி முடிந்து எல்லாரும் நிறுத்திய பிறகு மட்டும் கண் சிமிட்டுகிற நேரம் அவர் குரல் வருகிறது. அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். அம்மா நாலு தரம் கேட்டுவிட்டு, அது அவரில்லை என்று சொல்லிவிட்டாராம். உன்னிடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அன்றைக்கு அதைத்தான் அனுப்பியிருப்பாய்.

அம்மா வரமாட்டார். இனி யார் போய்க் கேட்டாலும் வரமாட்டார்.

நீ வா. உன் மற்றப் பாட்டுகளை எல்லாம் பாடு, செந்தமிழ்செல்வன் சாருக்காக இரண்டு சினிமாப் பாட்டும் பாடித் தொலை. அந்தக் கதையைச் சொல்லாதே. அந்தப் பாட்டைப் பாடாதே. எல்லா மேடையிலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாய் என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். குழியருகே நின்றவர்களும் சனிக்கிழமை கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் வாயால் நீ தெரிந்துகொள்ளக் கூடாது. மன்னித்துவிடு என்று எழுத நாலு தரம் பேனாவை வைத்தேன், முடியவில்லை.

முன் வரிசை நாற்காலியில் ஒட்டச் சொல்லி அம்மா பேரை எழுதி வாங்கிய சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. நான் ஒட்டப்போவதில்லை. அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நீ அந்தப் பக்கம் பார்க்காமல் பாடு.

அப்பாவுக்குக் கொடுக்காத மூச்சைக் கர்த்தர் உனக்குக் கொடுக்கட்டும்.

உன் பக்கத்தில் நின்று பாடின,
அமிர்தம்