ஒரு வருஷம் முன்னாலேயே திருப்பிக் கொடுத்த பூட்ஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அண்ணனுக்குச் சளி விட்டுவிட்டது, சமையலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்ததும் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், காது கேட்காவிட்டாலும் என் வாயசைவை வைத்தே பாதியைப் பிடித்துவிடுகிறார். இதுவோ அவருக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய சங்கதி.

ராணுவத்தில் கடைசி வருஷம் மலைப்பாதைக்குப் பாறை உடைத்தபோது வெடி பக்கத்திலேயே வெடித்து அவருடைய இடது காது போனது உனக்குத் தெரிந்ததுதான். இப்போது வலது காதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. போன மாதம் உனக்குக் காய்ச்சல் என்று நீ சொன்னதற்கு, ரொம்ப சந்தோஷம்மா, மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் குடு என்றாரே, ஞாபகம் இருக்கிறதா. நீ சிரித்துவிட்டாய், அவர் அன்று சாப்பிடவே இல்லை. அதனால்தான் இரண்டு காதுக்கும் மிஷின் வைக்க ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேலையில் இருக்கும்போது பட்ட அடி என்றால்தான் அங்கே செய்வார்கள். அங்கே இருந்த கண்ணாடிக்கார அம்மாள் அப்பாவின் விடுவிப்புச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காது கெட்ட தேதியிலே நீங்க ராணுவத்திலேயே இல்லையே சார், ஒரு வருஷம் முன்னாலேயே வீட்டுக்குப் போயிட்டீங்களே என்கிறாள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி இத்தனை வருஷமாகத் துடைத்தோமே தவிர, யாரும் படிக்கவில்லை.

எல்லாம் உன் அப்பாவின் முன்ஜாக்கிரதை செய்த வேலை. படையிலிருந்து விலகுகிறவர்கள் பூட்ஸ், கம்பளி, தட்டு எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்த தேதியையே விலகிய தேதியாக எழுதிவிடுவார்களாம். ரயிலுக்கு அரை நாள் முன்னால் போய் நிற்கிற மனுஷன் அல்லவா, கடைசி நேரத்தில் வரிசை நீளமாக இருக்கும் என்று ஒரு வருஷம் முன்னாலேயே மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்! அதன்பிறகு கூட இருந்த ஒருத்தருடைய பெரிய பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு அணிவகுப்பில் நடந்திருக்கிறார். அந்த வருஷம் நீங்க அங்கே இருந்ததுக்கு ஏதாவது சாட்சி இருக்கா சார் என்று அந்த அம்மாள் கேட்டாள். இதோ காது இருக்கே என்றார். காதிலே தேதி போட்டிருக்காதே சார் என்றாள். எனக்குக் கோபம் வந்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது அவருக்கு மேலே இருந்த அதிகாரி எழுதிக் கொடுத்தால் தேதியைத் திருத்தலாமாம். யாரென்று உனக்கே தெரியும், அப்பா கதை கதையாகச் சொல்வாரே, அந்த மீசைக்காரர். விசாரித்தால் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால் உன் அப்பா வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு நாள் வயிற்று வலி, மறுநாள் மழை வரும்போல இருக்கிறது, அதற்கடுத்த நாள் மனுஷன் உயிரோடு இருக்கிறாரோ என்னவோ என்கிறார். விடுவேனா, சட்டையை நானே மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனேன்.

மீசைக்காரருக்கு இப்போது மீசை இல்லை, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் உன் அப்பா கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். இவனை மறக்க முடியுமாம்மா, அந்த வருஷம்தான் முகாம் சுவரேறிக் குதிச்சு எங்கிட்ட மாட்டினவன் ஆச்சே, வாரம் பூரா வெங்காயம் உரிக்க வெச்சேன், சிப்பாயா இல்லாதவனை நான் எப்படித் தண்டிச்சிருக்க முடியும் என்று சொல்லி அதையே சாட்சியாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். உன் அப்பாவின் குட்டு வெளிப்பட்டுவிட்டது! ஒரு கரும்புள்ளி இல்லாத சர்வீஸ் என்று உன்னையும் உன் அண்ணனையும் உட்கார வைத்து எத்தனை பீற்றல் பீற்றியிருப்பார். முகத்தில் ஈயாடவில்லை.

எழுதி முடித்துவிட்டு அந்த அதிகாரி, எதுக்குடா நீ குதிச்சேன்னு அன்னிக்குக் கேட்டேன், வாயே திறக்கலை, இன்னிக்காவது சொல்லுடா என்று காதருகே போய்க் கத்தினார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, பொண்ணு பொறந்திருந்தது சார், பார்க்கணும்போல இருந்தது என்றார். அடப்பாவி, கேட்டிருந்தா லீவு குடுத்திருப்பேனே என்றார் அவர். அதற்கு உன் அப்பா, எல்லாருக்கும் லீவு ரத்து, யாரும் கேக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டீங்களே சார், உத்தரவை மீறலாமா என்கிறார். சுவரை மட்டும் மீறலாமாம்! அன்று நீ பிறந்த ஆஸ்பத்திரிக்குக் கிழிந்த கால்சட்டையோடு வந்து நின்றவரை, லீவு கிடைத்துத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்க்க வருகிற லட்சணமா இது என்று திட்டினேன். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், இதைப் பொண்ணுக்கு எழுதிடாதே என்று என்னிடம் கெஞ்சினார். நானும் சரி என்று தலையாட்டினேன், என்ன செய்ய, எழுதிவிட்டேன்.

தேதியைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள், மிஷினுக்கு அளவும் எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை மாட்டுகிறார்கள், இடது காதிலும் கொஞ்சம் கேட்கும் என்று டாக்டர் சொல்கிறார். வெங்காயம் நறுக்கும் வேலையை இனி நான் செய்வதாக இல்லை, வீட்டில் பழகின ஆள் இருக்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம், நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகக் கூப்பிடு. அந்த வெடி வெடித்தது நீ பிறந்து சில வாரம் கழித்து. உன் அப்பாவின் இடது காது நீ அழுததைத்தான் கேட்டிருக்கிறது, நீ பேசி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போனை அந்தக் காதில் வைத்துக் கொடுக்கிறேன், நிதானமாகப் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா