சுருதி அண்ணன் அழுததாகச் சொன்னேன்

அக்டோபர் 4, வெள்ளி

கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. ஊரெல்லாம் ஒரே இருமல். மருந்துக்கடையில் நிற்பவளுக்கு யார் வீட்டில் என்ன நோய் என்பது ஃபாதருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மதியம் டெய்லர் அண்ணி வந்தார். அண்ணனுக்கு வலி மாத்திரையை டாக்டர் இரண்டு மடங்காக்கியிருக்கிறார். சீட்டை இரண்டு முறை படித்தேன். அண்ணி என் முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கிழம பூசையில அவரு உடம்பு நல்லாகணும்னு வேண்டிக்கச் சொல்லி ஒரு கருத்து குடுத்திருக்கேன். நீதான வாசிப்ப? நல்லா வாசி" என்றார். "அதெல்லாம் ஜோரா வாசிச்சுடுவேன் அண்ணி" என்றேன். வாசிப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பதினைந்து வருடமாக வாசிக்கிறேன்.

டெய்லர் அண்ணன் கோவில் வாசலை மிதித்து ஒன்பது வருடம் இருக்கும். பாடகர் குழுவுக்குச் சீருடை தைத்தபோது குழுவை நடத்தும் சுருதி அண்ணன் அத்தனை பேர் முன்னாலும், "துணி குறையுதே, எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டார். அன்று போனவர்தான். ஒரு காலத்தில் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு பாடியவர்கள். (சுருதி என்பது நாங்கள் வைத்த பெயர். "சுருதி போச்சு, சுருதி போச்சு" என்று பாதிப் பாட்டில் நிறுத்திவிடுவார்.)

மாலையில் துண்டுப் பிரசுரங்களை மடித்தோம். இது மறைபரப்பு மாதம், வேதத்தை வெளியில் கொண்டுபோய்ச் சொல்லும் மாதம். புதுக் குடியிருப்பில் வீடு வீடாகப் போகும் குழுவுக்கு நான்தான் தலைவி. "அங்க வாட்ச்மேனே உங்கள உள்ள விடமாட்டான், எழுதி வச்சுக்க" என்றார் என் வீட்டுக்காரர். இந்த வீட்டில் நல்ல வார்த்தைக்குப் பஞ்சம்.

அக்டோபர் 6, ஞாயிறு

என்ன காரியம் செய்துவிட்டேன்.

பூசைக் கருத்துகளை நான் ஒரே மூச்சில் வாசிப்பேன். அதில் ஒரு பெருமை. இறந்தவர்கள் பெயர் முடிந்த இடத்தில் நிறுத்தி, "உடல்நலம் வேண்டி" என்று புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. டெய்லர் அண்ணன் பெயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், "ஆகியோரின் ஆன்மா இளைப்பாற" என்று முடித்தேன். கணீரென்று. எனக்கே உறைக்கவில்லை.

சாவு வீட்டு வேலைகளைப் பார்க்கும் அடக்கக் குழுக்காரர் பூசை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறந்தது டெய்லர் அண்ணனேதான். குழுக்காரர் வெளிச்சத்திலிருந்து போனவர், ஆள் தெரியாமல், "அடக்கம் எத்தன மணிக்கு?" என்று கேட்டாராம். "தெரியல தம்பி, நான் இன்னும் கெளம்பல" என்றாராம் அண்ணன்.

எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாத்திரைச் சீட்டைப் பார்த்தவள் நான். போகணும். நேரில் போய்க் காலில் விழணும். அண்ணி மொகத்துல எப்படி முழிப்பேன்?

அக்டோபர் 7, திங்கள்

போகவில்லை. கடைக்குச் சரக்கு வந்தது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

போனேன். கோவிலிலிருந்து இரண்டு தெரு, மூன்றாவது மாடி. இத்தனை வருடத்தில் இந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை என்பது ஏறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணி வாசலை மறித்து நின்றார். "இன்னும் இருக்காரு. பாத்துட்டுப் போ."

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். தையல் மிஷினை மூடி, அதன் மேல் மாத்திரைகளை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் எங்கள் கடை அட்டைகள். அண்ணன் பாதியாகிவிட்டார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை ஆட்டி நிறுத்தினார்.

"அத விடும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ வாசிச்சப்ப யார் அழுதா?"

யாரும் அழவில்லை. அதுதான் உண்மை. பின்வரிசையில் யாரோ "எந்த டெய்லர்?" என்று கேட்டார்கள், அதற்குள் வருகைப் பாடல் தொடங்கிவிட்டது. பீட விரிப்பு, பீடச் சிறுவர் அங்கி, திரைச்சீலை என்று இருபது வருடம் அந்தக் கோவிலுக்குத் தைத்த மனிதர். அவரிடம் போய் அதை எப்படிச் சொல்வேன்? அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுருதி அண்ணன் அழுதாரு" என்றேன்.

ஏன் அவர் பெயர் வந்தது? வாசக மேடைக்குப் பக்கத்தில் கீபோர்டு. திரும்பினால் முதலில் தெரிவது அவர் முகம். வேறு காரணமே இல்லை.

"அவனா? நெஜமாவா?"

"கைக்குட்டைய எடுத்துத் தொடச்சாரு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலேயே, "அப்ப அவன வரச் சொல்லும்மா" என்றார்.

தப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தியவள் மாதிரி இறங்கி வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

கைக்குட்டை எதற்கு? அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 12, சனி

பாட்டுப் பயிற்சிக்கு முன்னால் சுருதி அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். கீபோர்டில் உடைந்த கட்டைக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன், கைக்குட்டை உட்பட.

"நான் எதுக்கு அழணும்? அன்னைக்கு வயர் லூசா இருக்குன்னு குனிஞ்சு பாத்துட்டிருந்தேன். நீ என்ன வாசிச்சன்னே எனக்குத் தெரியாது."

"அவர் ரொம்ப நாள் இருக்கமாட்டாருண்ணே."

"ஒன்பது வருஷமா என்ன ரோட்டுல பாத்தா அந்தப் பக்கம் தாண்டிப் போறான். போகட்டும்." பிறகு குரல் உயர்ந்துவிட்டது. "என் கண்ணீர எடுத்து இன்னொருத்தனுக்கு நீ எப்படிக் குடுப்ப? என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

அதற்குள் பாடகர்கள் வந்துவிட்டார்கள். அல்லேலூயாவை மூன்று முறை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினார்கள். மூன்று முறையும் சுருதியை விட்டது அவர்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

அண்ணி கடைக்கு வந்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

"தெனம் சவரம் பண்ணிவிடச் சொல்றாரு. வெள்ளச் சட்டையப் போட்டு உக்கார வைக்கச் சொல்றாரு. படியில காலடிச் சத்தம் கேட்டாப் போதும், கதவத் தெறன்னு ஒரே பாடு. நீ சொன்ன ஒத்த வார்த்தைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிடுறாரு. நல்லா இருப்ப."

சரக்கு அறைக்குள் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். பாவி. பாவி. நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்? நல்லதுக்கா? இல்ல, அந்த ரூம்ல அவர் மொகத்தப் பாத்துட்டு நிக்க முடியலன்னு சொன்னேனா? எனக்காகத்தான் சொன்னேன். அவருக்காக இல்ல.

அக்டோபர் 17, வியாழன்

ஃபாதரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "நானும் அந்த மாடி ஏறினதில்லம்மா. வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. யாரும் கூப்பிடல, நானும் போகல" என்றார். என்னிடம் அவர் பாவசங்கீர்த்தனம் செய்வது போல இருந்தது.

பாவத்துக்குப் பரிகாரமாக எனக்குக் கொடுத்த தவமுயற்சி: "போய் உண்மையச் சொல்லுங்க. சொல்லிட்டு எந்திரிச்சு ஓடிவந்துடக் கூடாது. அங்கயே உக்காருங்க."

அக்டோபர் 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வெள்ளைச் சட்டையோடு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "யாரும் அழலண்ணே. சுருதி அண்ணனும் அழல. நாந்தான் பொய் சொன்னேன்."

"கைக்குட்ட?"

"அதுவும் பொய்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார். அண்ணி உதவிக்கு வந்தபோது தள்ளிவிட்டார். சட்டையைக் கழற்றி நீட்டி, "இத மடிச்சு உள்ள வை" என்றார்.

ஃபாதர் சொன்னபடி உட்கார்ந்தே இருந்தேன். யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அது நியாயம்தான். முட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெபம்கூட வரவில்லை.

"என்னைய நீ ரெண்டு தரம் சாகடிச்சிட்டம்மா" என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "கோவில்ல ஒரு தரம். இன்னைக்கு ஒரு தரம்."

அதற்கு மேல் இருக்க முடியாமல் எழுந்தேன். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்கு வருவியா?"

அக்டோபர் 19, சனி

போனேன். அண்ணனுக்குக் கால் நகம் வெட்டிவிட்டேன்.

அக்டோபர் 20, மறைபரப்பு ஞாயிறு

இன்று கருத்துகளை வாசிக்கவில்லை. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துண்டுப் பிரசுரக் கட்டை வேறொருவர் கையில் கொடுத்தேன். கோவில் பங்குப் பேரவைச் செயலாளருக்குக் கோபம். "தலைவியே வரலன்னா எப்படி?"

"ஒரு வீட்டுக்குப் போகணும்."

"புதுக் குடியிருப்புலயா?"

"இல்ல, இங்க பக்கத்துல." அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து வீட்டுக்குப் போவது ஒரு வேலையா என்பது போல.

ஃபாதர் நோயாளிக்குக் கொடுக்கும் நற்கருணை அப்பத்தோடு என் பின்னால் படியேறினார். அவரைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து உட்கார முயன்றார். பேசினார், சிரித்தார்கூட. ஆனால் நற்கருணை வேண்டாம் என்றுவிட்டார். "மனசுல ஒண்ணு கெடக்கு ஃபாதர். அது கெடக்குறப்ப வாங்க மாட்டேன்." ஃபாதர், பாவசங்கீர்த்தனம் கேட்கட்டுமா என்றார். "உங்ககிட்டச் சொல்லித் தீராது. டீ குடிங்க."

சுருதி அண்ணன் மேல் உள்ள கோபத்தைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இவ்வளவு நோவிலும் அது போகவில்லையா? அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆண்டவரே, அப்படி விட்டுவிடாதேயும்.

அக்டோபர் 24, வியாழன்

சுருதி அண்ணன் கடைக்கு வந்தார். தொண்டைக்கு மிட்டாய் மாத்திரை வாங்கினார். அவர் தொண்டைக்கு ஒன்றுமில்லை. அதை உருட்டிக்கொண்டே நின்றார்.

"எத்தனாவது மாடி?"

முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கூடவே ஓடினேன். இரண்டாவது மாடி வளைவில் நின்று மூச்சு வாங்கினார். அவருக்கும் வயது அறுபத்தைந்து. நான் உண்மையைச் சொல்லிவிட்ட விஷயம் இவருக்குத் தெரியாதே! "அண்ணே, நான் அவர்கிட்ட—" என்றேன். பாடகர் குழுவை அடக்குவது போலக் கையைத் தூக்கி என்னை அடக்கினார். அதற்குள் அண்ணி கதவைத் திறந்துவிட்டார்.

டெய்லர் அண்ணன் சவரம் இல்லாமல், சட்டை இல்லாமல் படுத்திருந்தார். சுருதி அண்ணன் கட்டில் காலடியில் போய் நின்றார். வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர் போல, சத்தமாக, ஒரே மூச்சில்:

"ஆமாடா, அழுதேன். அன்னைக்கு உன் பேரக் கேட்டதும் அழுதேன். போதுமா?"

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணனும் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பொய் சொல்றியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது கதை. அவர் கேட்கவில்லை. படியேறி வந்ததில் சுருதி அண்ணனின் கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்குட்டையெல்லாம் எடுத்தியாமே?"

"எடுத்தேன்."

"சரி, உக்காரு." காலை மெதுவாக இழுத்து மடக்கி, கட்டிலில் இடம் விட்டார்.

அக்டோபர் 25, வெள்ளி

அதே பொய்தானே? நான் சொன்னபோது அந்த மனிதரைக் கொன்றது. சுருதி அண்ணன் வந்து சொன்னபோது ஏன் அப்படி இல்லை? கேட்டவருக்குப் பொய் என்று தெரிந்திருந்ததாலா? காலையிலிருந்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை. இந்த யோசனையில் கடையில் இரண்டு பேருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன், நல்லவேளை, கவனித்துவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

அண்ணன் இப்போது எழுந்து உட்காருவதில்லை. மாத்திரை விழுங்க முடியாமல் தோலில் ஒட்டும் மருந்துக்கு மாற்றிவிட்டார்கள். சுருதி அண்ணன் தினமும் போகிறார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "பழைய பாட்டு. பெரிசா ஒண்ணும் இல்ல. நடுவுல நடுவுல எதோ சொல்ல வர்ற மாதிரி வாயத் தெறக்குறான், மூடிக்கிறான்" என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்து போனேன். அண்ணி கதவுக்கு வெளியே படி மேல் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போகாத. உன்ன விடவேணாம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. நாமெல்லாம் இருந்தா சண்ட போட வசதியா இல்லயாம்."

சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை நாள் நகம் வெட்டி, முதுகு துடைத்துவிட்ட எனக்கு இந்த மரியாதை. அண்ணி நகர்ந்து இடம் விட்டார். நானும் படியில் உட்கார்ந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது.

"அரை மீட்டர் துணிதான்டா எடுத்தேன்." டெய்லர் அண்ணன் குரல். மெலிந்த குரல்தான், ஆனால் அதில் ரோஷம் இருந்தது.

"ஒண்ணரை மீட்டர்."

"அரை!"

அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் இன்றுதான் தெரிகிறது. தன் புருஷன் மேல் அபாண்டம் சொன்னார்கள் என்று ஒன்பது வருடமாக ஊரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்.

பிறகு சுருதி அண்ணன் கேட்டார், கோபமே இல்லாமல். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"ஊரக் கூட்டி வச்சுக் கேட்டா எப்படிடா சொல்றது? தனியா வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அது என் தப்புதான்." இருமினார், மூக்கை உறிஞ்சினார். "இப்பதான்டா வந்திருக்கேன்."

அதற்குப் பிறகு டெய்லர் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். சுருதி அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. துடைக்கக் கையில் ஒன்றுமில்லை, சட்டைக் கையால் துடைத்தார்.

"ஃபாதரக் கூட்டிட்டு வா. இப்ப நற்கருண வாங்கிக்கிறானாம்."

அண்ணி அந்த வெள்ளைச் சட்டையை எடுக்க உள்ளே போனார். நான் படியிறங்கினேன்.