உறுப்பினர் தாயம்மா

மந்தைவெளி
12.8.1997

மதிப்பிற்குரிய நஸ்ருன்னிசா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளி விழாவில் எனக்குக் கூடைப்பந்துக் கோப்பை கொடுத்தீர்கள். அம்மா தூங்கிய பிறகு ஒளிந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அம்மா பெயர் தாயம்மா. கூடைப்பந்துச் சங்க அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிறார். சனிக்கிழமை உதவப் போனபோது மேஜைமேல் தீர்மான நோட்டு திறந்திருந்தது. கூட்டத்தில் கலந்துகொண்ட உறுப்பினர்களில் கடைசிப் பெயர் அம்மாவுடையது. பக்கத்தில், அறிவொளி வகுப்பில் கற்ற அதே கையெழுத்து. அதைத் தவிர அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்கு வந்ததற்கான நோட்டு என்று நினைத்துப் போட்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் இருந்த தீர்மானம்: இவ்வருடம் மாநிலப் போட்டிக்குப் பெண்கள் அணியை அனுப்புவதில்லை. நான் அந்த அணியில் இருக்கிறேன்.

நீங்கள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் பெண்கள் குழுவில் இருப்பதால் எழுதுகிறேன். அம்மா வேலை போய்விடக் கூடாது. பதிலை என் தோழி ஹம்சினி வீட்டுக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கம்.

பணிவுடன்,
கயல், பத்தாம் வகுப்பு

தி. நகர்
20.8.1997

அன்புள்ள கயலுக்கு,

இடது கையால் பந்து போட்ட பெண்தானே? நினைவிருக்கிறது.

ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு பெண்ணாவது உறுப்பினராக வேண்டும் என்ற விதிக்காக நாலு வருஷம் வெளிநாட்டுக் கூட்டங்களில் சண்டை போட்டேன். உங்கள் சங்கப் பட்டியலில் 'திருமதி தாயம்மா' என்று பார்த்த அன்று வீட்டில் சேமியா பாயசம் செய்தேன். யாரென்று விசாரிக்கவில்லை.

புகார் கொடுத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். வேலையும் போகும். ஆனால் நோட்டின்படி அவர் உறுப்பினர். கூட்டத்தில் உட்காரலாம், மறுக்கலாம். அதிலும் வேலைக்கு ஆபத்து உண்டு. எதுவென்று அம்மாதான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் நான் முடிவெடுத்தால் சொல்லாமலே கையெழுத்து வாங்கிய உங்கள் சங்கச் செயலாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பயப்படாமல் இதைப் படித்துக் காட்டு.

துஆவுடன்,
நஸ்ருன்னிசா

மந்தைவெளி
7.9.1997

அன்புள்ள மேடம்,

படித்துக் காட்டினேன். அம்மா, "நா போட்ட கையெழுத்தா உன்ன வெளிய நிறுத்திச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று கூட்டம். டீ கொடுத்துவிட்டு அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம். செயலாளர் சுந்தரராமன் சார், "என்ன தாயம்மா, கால் வலியா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்களாம்.

"கால் நல்லாத்தான் கீது சார். உறுப்பினர்னு எழுதிக்கீறீங்களே, அதான். படிச்சுக் காட்டுங்க, அப்பால கையெழுத்து போடறேன்."

பழைய தீர்மானத்தில் தனக்குச் சம்மதமில்லை என்று நோட்டில் எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்தாராம். அணி போகுமா, தெரியாது. நாளை முதல் பெருக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடையாறில் இரண்டு வீட்டில் வேலை கேட்டிருக்கிறார். "வேலைய புடுங்கிக்கினாங்க, நாற்காலிய மறந்துட்டாங்க" என்கிறார். அடுத்த கூட்டம் இருபதாம் தேதி. போகிறார்.

இதை ஒளிந்து எழுதவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறார். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை வாங்கினார்.

இப்படிக்கு,
கயல்
தாயம்மா