கொழுந்தன் விற்ற கார்

4 ஜூலை 1988, திங்கள்

காலையிலேயே தூறல். செம்மோர் சிக்னல் விளக்கில் கார் மறுபடி நின்றுவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன். கிளப்பினால் இருமல், கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். சுங்கை சிப்புட் தாண்டித் தோட்டத்துச் சாலை முழுக்கச் சேறு. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பாடம் தொடங்கிவிட்டது.

தலைமை ஆசிரியர் (த.ஆ.) அறைக்குக் கூப்பிட்டார். "டீச்சர், இப்படியே லேட்டா வந்தா ஆறாம் ஆண்டு வகுப்ப வேற ஆளுகிட்ட குடுக்க வேண்டியதா இருக்கும். பரீட்சை வருது பாருங்க." குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அந்தப் பிள்ளைகளை நாலாம் ஆண்டிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறவள் நான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "சேகர் வச்சிருந்தப்ப நல்லாத்தானே ஓடுச்சு" என்றார்.

சேகர் இவருடைய தம்பி. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் படித்துவிட்டுக் காரோடு வந்தவன். போன வருஷம் புதுக் கார் வாங்கி, இதை எங்கள் தலையில் கட்டினான்.

சிவப்பு மை வாங்க வேண்டும். உப்பு.

6 ஜூலை, புதன்

வெயில். ஈப்போ டவுன் பட்டறை. நானும் இவரும். தினம் ஓட்டுவது நான், பட்டறைக்காரன் பேசியது இவரிடம். "பொம்பளைங்க எண்ணெய் பெடல மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க லா, பாஸ். அதான் பிளக் கறுத்துப் போச்சு." இவர் சிரித்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன், தூண் மாதிரி.

பிளக்கைத் துடைத்துப் போட்டான். வீடு வருவதற்குள் பழைய கதை.

8 ஜூலை, வெள்ளி

இன்றும் லேட். த.ஆ. கடிகாரத்தைப் பார்த்தார். போதும்.

சேகர் போன் பண்ணினான். இவர் பேசியது கேட்டது. "ஆமாடா... கமலாதான் ஓட்டுறா... சரி, சொல்றேன்." என்னடா சொன்னான் என்று பார்த்தால், அண்ணி கியர் மாற்றுவது சரியில்லையாம். கார் பாவமாம். கொஞ்ச நாள் பஸ்ஸில் போகச் சொன்னானாம்.

விடியற்காலை இரண்டு பஸ் மாறி, ரப்பர் தோட்டத்து வாசலிலிருந்து கித்தா மரத்துக்கு நடுவே நடந்து. அவன் போவானா?

9 ஜூலை, சனி

இவரைக் கூப்பிடவில்லை. எங்கள் குனோங் ராபாட்டிலேயே மலையடிவாரத்தில் ஜோசப் அண்ணன் பட்டறை. தனியாகப் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "எப்ப திணறுது டீச்சர்? ஓட்டுறவங்க நீங்கதானே, சொல்லுங்க." கண் கலங்கிவிட்டது. அசிங்கம்.

சொன்னேன். காலையில் குளிர்ந்த இஞ்சின், நன்றாகப் போகும். வழியில் தாசேக் ஊர் தாண்டிச் சூடானதும் வியாதி. மழையோ வெயிலோ, ஒரே மாதிரி.

அவர் முதலில் பெட்ரோல் பம்ப் என்றார். மாற்றிப் பார்த்தார். இல்லை. தலையைச் சொறிந்தார். "எனக்கும் இந்த மாதிரி வண்டி புதுசு டீச்சர். வாங்க, ஓட்டிப் பாப்போம்."

நான் ஓட்ட, அவர் பக்கத்தில். தாசேக் தாண்டித் திணறியது. ஓரம் கட்டினேன். "சூடானதும் வேலைய ஆரம்பிக்கிறது எது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டே குனிந்தார். புகைக்குழாயில் திருகியிருந்த, பிளக் போன்ற ஒன்றின் வயரைக் கழற்றினார். இஞ்சினின் இருமல் உடனே அடங்கி, சீராக ஓடியது. மாட்டினார். கொஞ்ச நேரத்தில் திரும்ப இருமல்.

ஆக்சிஜன் சென்சராம். புகையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று பார்த்துச் சொல்லும். அது செத்துப்போய்க் காற்று அதிகம், காற்று அதிகம் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி, பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் பெட்டி அள்ளி ஊற்றுகிறது. மீட்டர் வைத்துக் காட்டினார். முள் ஏறி இறங்க வேண்டுமாம். படுத்தே கிடந்தது.

சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அதுவரை வயரைக் கழற்றியே ஓட்டச் சொன்னார். பெட்ரோல் குடிக்கும், ஆனால் நிற்காது.

இவரிடம் சொன்னேன். "ஓ" என்றார்.

15 ஜூலை, வெள்ளி

வாரம் முழுக்க நேரத்துக்குப் போனேன். சேகருக்குச் சென்சர் விஷயம் தெரிந்து போன். "அண்ணி, அதெல்லாம் கெடாது. அவன் உங்கள ஏமாத்துறான்." படித்தவன் சொல்கிறான் என்று இவருக்கு உடனே சந்தேகம். நான் அடுப்படிக்குப் போனேன். பாத்திரம் சத்தம் போட்டது.

23 ஜூலை, சனி

சாமான் வந்தது. பழையது லேசில் வரவில்லை. எண்ணெய் விட்டு, இஞ்சினைச் சூடாக்கி, மெல்ல மெல்ல. வந்ததும் ஜோசப் அண்ணன் வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் சாம்பல் நிறப் பூச்சு.

"ஈயம் டீச்சர். நம்ம ஊரு பெட்ரோல் எல்லாத்துலயும் ஈயம் இருக்கு. இது ஈயமில்லாத பெட்ரோலுக்குச் செஞ்ச வண்டி. இங்க போட்டா சாகத்தான் செய்யும்." பிறகு திருப்பிப் பார்த்தார். "இத யாரோ ஒருவாட்டி மாத்தியிருக்காங்க. ஸ்பேனர் போட்டு முனையெல்லாம் தேஞ்சிருக்கு."

பெட்ரோல் மூடியைத் திறந்தார். வாயில் சின்ன வளையம் இருக்க வேண்டுமாம், நம் ஊர்ப் பெட்ரோல் குழாய் உள்ளே போகாதபடி. அரம் போட்டு அகலப்படுத்தியிருக்கிறது. "நீங்க செஞ்சதா?"

நான் செய்யவில்லை. வாங்கிய நாளிலிருந்து குழாய் தடையில்லாமல் போனது.

தெரியும் சேகருக்கு. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே விற்று, தெரிந்துகொண்டே நான் ஓட்டுவதைக் குறை சொன்னான். ஜோசப் அண்ணன் தந்த தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

புதியது போட்டதும் கார் பூனை மாதிரி. இதுவும் சாகும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

24 ஜூலை, ஞாயிறு

சுங்கை சிப்புட்டில் சேகர் வீட்டில் அவன் மகனுக்குக் காது குத்து. சொந்தம் எல்லாம். பந்தியில் அவனே ஆரம்பித்தான். "அண்ணி, கார் என்ன சொல்லுது? மெதுவா ஓட்டுறீங்களா?" நாலு பேர் சிரித்தார்கள்.

"பெட்ரோல் வாய அரம் போட்டது யாரு சேகர்?"

சிரிப்பு நின்றது. "அது... இங்க குழாய் பெருசு அண்ணி. சின்ன விஷயம்."

"சென்சர ஒருவாட்டி மாத்தினதும் சின்ன விஷயமா?"

சோற்றைப் பிசைந்தான். அவன் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போல.

பிறகு, "கார் நல்ல கார்தான் அண்ணி" என்றான்.

"நல்ல கார்னா நீ ஓட்டு. புது சென்சர் போட்டிருக்கு. எவ்வளவு நாள் தாங்கும்னு உனக்குத்தான் தெரியும்." என் சாவியை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆணியில் தொங்கிய அவன் புதுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. இவர் கை கழுவிவிட்டு வந்து, அந்தக் காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

செம்மோர் விளக்கில் பச்சை.

25 ஜூலை, திங்கள்

மூடுபனி. மணி அடிக்குமுன் பள்ளிக்கூடத்தில். த.ஆ. "பசியாறியாச்சா டீச்சர்?" என்றார். ஆறாம் ஆண்டு என்னிடமே.

பின்னம் நடத்தினேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. நாளை திரும்ப.

வீட்டுக்கு வந்ததும் இவர்: "சேகர் போன் பண்ணான். கோலாலம்பூர் போகணுமாம், புதுக் கார் வேணுமாம்."

நான் காய் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"அது கமலா வேலைக்குப் போற காருன்னு சொல்லிட்டேன்" என்றார்.